வேகத் திரை நம் இல்லத்திற்கு வேண்டுமா?

வடசென்னையின் தொழிற்சாலைகளுக்கு நடுவே அமைந்த சடையங்குப்பம் போன்ற ஊர்களில், தொலைக்காட்சிப் பெட்டி வாங்குவது குடும்பமே கூடியிருந்து முடிவு செய்யும் காரியமாகும். 2006-ஆம் ஆண்டு தமிழக அரசு இலவசமாக வழங்கத் தொடங்கிய 14 அங்குல வண்ணப் பெட்டியே எத்தனையோ ஏழை இல்லங்களில் முதலில் ஒளிர்ந்தது. இன்றோ பிள்ளைகள், "120 ஹெர்ட்ஸ் திரை இருந்தால்தான் வீடியோ விளையாட்டில் வெல்ல முடியும்" என்று பெற்றோரை வேண்டுகின்றனர். 2025 செப்டம்பர் 22 முதல் 32 அங்குலத்திற்கு மேற்பட்ட பெட்டிகளின் வரி 28 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாகக் குறைந்துள்ளது உண்மையே. ஆயினும் 120 ஹெர்ட்ஸ் பெட்டி, அதே அளவுள்ள சாதாரணப் பெட்டியை விடப் பொதுவாக விலை கூடியது. மாதத் தவணையில் வாங்கும் ஆலைத் தொழிலாளிக்கு அந்த வேறுபாடு சிறிதன்று. ஆகவே பிள்ளைகளின் கூற்றில் உண்மை எவ்வளவு என்பதை நாம் ஆராய்ந்து பார்ப்பது நலம்.

ஹெர்ட்ஸ் என்பது, திரை ஒரு விநாடியில் எத்தனை முறை புதிய படத்தைக் காட்டுகிறது என்பதன் அளவு. 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு படம் ஏறத்தாழ 16.7 மில்லி விநாடி நிற்கும். 120 ஹெர்ட்ஸ் திரையில் 8.3 மில்லி விநாடியே நிற்கும். படங்கள் இவ்வாறு விரைந்து மாறுவதால் ஓடும் காரும் பாயும் பந்தும் மங்கல் குறைந்து மேலும் தெளிவாகத் தெரியும். கார்ப் பந்தயம், துப்பாக்கிச் சண்டை போன்ற விரைவான ஆட்டங்களில் இது மெய்யான நன்மையே. இதைப் பிள்ளைகளின் கற்பனை என்று தள்ளிவிடுவது முறையன்று.

ஆனால் விளையாட்டுக் கருவி அனுப்பாத படத்தைத் திரை எவ்வாறு காட்டும்? 2013-இல் வந்த பிளேஸ்டேஷன் 4 விநாடிக்கு 60 படங்களுக்கு மேல் அனுப்புவதில்லை. 2020-இல் வெளிவந்த பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் ஆகியவை 120 படங்களை அனுப்ப வல்லவை. ஆயினும் அவற்றிலும் பெரும்பாலான விளையாட்டுகள் 30 அல்லது 60 படங்களிலேயே இயங்குகின்றன. திரைப்படமோ விநாடிக்கு 24 படங்களைக் கொண்டது. எனவே பழைய கருவியை வைத்துக்கொண்டு புதிய திரைக்குக் கடன்படுவது, குண்டும் குழியுமான தெருவில் ஓட்டுவதற்குப் பந்தயக் கார் வாங்குவதை ஒக்கும்.

தோல்விக்குக் காரணம் பலவேளைகளில் வேறொன்றாக இருக்கிறது. பழைய படக்குழாய்ப் பெட்டி, வந்த படத்தை வந்தவுடனே திரையில் வரைந்தது. இன்றைய தட்டைத் திரைப் பெட்டியோ படத்தை வாங்கி, அழகுபடுத்தி, அதன் பின்னரே காட்டுகிறது. பொத்தானை அழுத்துவதற்கும் திரையில் அசைவு தெரிவதற்கும் இடையே இதனால் தாமதம் நேர்கிறது. சில பெட்டிகளில் அது 100 மில்லி விநாடியையும் எட்டும். பெட்டியின் அமைப்புப் பட்டியலில் 'கேம் மோடு' என்பதைத் தேர்ந்தெடுத்தால் இந்தத் தாமதம் பெரிதும் குறையும். இதற்குக் காசு ஒன்றும் செலவில்லை. விலை உயர்ந்த திரை மிச்சப்படுத்தும் சில மில்லி விநாடிகளை விட, இந்த இலவச மாற்றம் தரும் பயன் பன்மடங்காக இருக்கக் கூடும்.

ஆகவே கடைக்குச் செல்லுமுன் பெற்றோரும் பிள்ளைகளும் ஒன்றாக அமர்ந்து மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளட்டும். நம் கருவி 120 படங்களை அனுப்புமா? நாம் விரும்பி ஆடும் விளையாட்டு அந்த வேகத்தில் இயங்குமா? பெட்டியில் அச்சிட்டுள்ள 120 என்பது திரையின் உண்மை அளவா, அல்லது 60 ஹெர்ட்ஸ் திரைக்கு விளம்பரத்தார் சூட்டிய வேறொரு 'மோஷன்' எண்ணா? 4கே தெளிவில் 120 படங்கள் வேண்டுமாயின், எச்.டி.எம்.ஐ. 2.1 வகை போர்ட் உண்டா என்பதையும் விற்பனையாளரிடம் கேட்டறிதல் வேண்டும்.

இவை அனைத்திற்கும் 'ஆம்' என்பதே விடையானால், வசதியுள்ளோர் தாராளமாக வாங்கலாம். ஒன்றிற்கேனும் 'இல்லை' என்றால், இருக்கும் பெட்டியில் கேம் மோடை இயக்கிவிட்டு, தவணைப் பணத்தைப் பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்திற்கென்று எடுத்து வைப்பதே அறிவுடைமை. அந்த முடிவைப் பிள்ளையும் உடனிருந்து கணக்கிட்டு எடுக்குமானால், அதற்கு மனக்குறையும் இராது.