சொந்த வீடும் வாடகைப் போர்ஷனும்: வணிகர் போட வேண்டிய கணக்கு

நம் வணிகர்களில் பெரும்பாலோர் முதலில் கடையைப் பிடிக்கிறோம். பிறகுதான் வீட்டை நினைக்கிறோம். பதினைந்து, இருபது ஆண்டுகள் வாடகை வீட்டில் இருந்துவிட்டு, பிள்ளைகள் வளர்ந்த பிறகு, "கீழே நாம் இருப்போம், மாடியில் இரண்டு போர்ஷனை வாடகைக்கு விட்டால் தவணை தானாக அடைந்துவிடும்" என்று கணக்குப் போட்டு வீடு வாங்க இறங்குகிறோம். நல்ல எண்ணந்தான். ஆனால், கொள்முதலில் காசு காசாகக் கணக்குப் பார்க்கும் நாம், இந்த விஷயத்தில் மட்டும் மனக்கணக்கோடு நின்றுவிடுகிறோம்.

நம் உறுப்பினர் ஒருவருக்கு நேர்ந்ததைச் சொல்கிறோம். மாடியில் இரண்டு குடித்தனம் வைத்திருந்தார். இருவரிடமும் வாங்கிய முன்பணம் ஒரு லட்சத்தை எண்ணெய் டின்னிலும் பருப்பு மூட்டையிலும் போட்டுவிட்டார். தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது ஒரு குடித்தனக்காரருக்கு வேலை மாற்றல் வந்தது. முன்பணத்தைக் கேட்டார். பணமெல்லாம் சரக்கில் முடங்கிக் கிடந்தது. மூன்று வட்டிக்குக் கைமாற்று வாங்கிக் கொடுத்தார். அந்தப் பருவத்து லாபத்தில் ஒரு பகுதி வட்டிக்கே போயிற்று. இந்த நிலை யாருக்கும் வரக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

ஒரு மாவட்டத் தலைநகரில் 45 லட்ச ரூபாய்க்கு ஒரு வீடு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பத்திரச் செலவை முதலில் எழுதுங்கள். 2023 ஏப்ரலில் பதிவுக் கட்டணம் 4 விழுக்காட்டிலிருந்து 2 ஆகக் குறைக்கப்பட்டது. அதன்படி முத்திரைத் தீர்வையும் சேர்த்துத் தமிழ்நாட்டில் 9 விழுக்காடு ஆகிறது. விற்பனை விலை, அரசு வழிகாட்டி மதிப்பு, இரண்டில் எது அதிகமோ அதற்கு இந்தக் கணக்கு. 45 லட்சத்துக்கு 4,05,000 ரூபாய். இதைக் கையிலிருந்துதான் கட்ட வேண்டும்.

30 லட்சம் வங்கிக் கடன், 9 விழுக்காடு வட்டி, 20 ஆண்டு என்றால் மாதத் தவணை ஏறக்குறைய 27,000 ரூபாய். மாடியில் இரண்டு போர்ஷன், தலா 8,000 வாடகை என்றால் மாதம் 16,000. இதைப் பன்னிரண்டால் பெருக்காதீர்கள், பத்தால் பெருக்குங்கள். ஒரு மாதம் வீடு காலியாகக் கிடக்கும். ஒரு மாத வாடகை வெள்ளையடிப்பு, மோட்டார், குழாய்ப் பழுது என்று போய்விடும். ஆண்டுக்கு 1,60,000 என்றால் மாதத்துக்கு 13,300 சொச்சம். ஆக, கடையிலிருந்து மாதாமாதம் 13,700 ரூபாய் எடுத்தாக வேண்டும். வியாபாரம் மந்தமான ஆடி மாதத்திலும் கடை இதைத் தாங்குமா என்று பாருங்கள். தாங்காது என்றால் சிறிய வீடாகப் பாருங்கள், அல்லது இரண்டு ஆண்டு பொறுங்கள். கடையின் சுழல்முதலை எடுத்து வீட்டில் போட்டால் அலமாரி காலியாகும். வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போவார்.

பத்திரத்தோடு பார்க்க வேண்டியவை

தாய்ப்பத்திரம், முப்பது ஆண்டு வில்லங்கச் சான்று, பட்டா, சொத்துவரி ரசீது ஆகியவற்றை வக்கீலிடம் காட்டுவது வழக்கமானதே. வாடகையை நம்பி வாங்குவோர் இன்னும் இரண்டைப் பார்க்க வேண்டும். முதலாவது, மாடிக்குக் கட்டட அனுமதி இருக்கிறதா? அனுமதியில்லாத மாடிக்கு வங்கி மதிப்புப் போடத் தயங்கும். இரண்டாவது, ஏற்கனவே குடியிருப்போர் கொடுத்த முன்பணம் யாரிடம் இருக்கிறது? வீடு நம் கைக்கு வந்த பிறகு அவர்கள் நம்மிடந்தான் கேட்பார்கள். அந்தத் தொகையைக் கிரய விலையில் கழித்து, அதை எழுத்திலும் கொண்டுவர வேண்டும்.

முன்பணமும் ஒத்தியும் கடனே

தமிழ்நாட்டில் 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017-இல் இயற்றிய புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கிறது. இதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும். "பதினொரு மாதத்துக்குத்தானே எழுதினோம், பதிவு எதற்கு?" என்ற பழைய வழக்கம் இனி உதவாது. வேறு உடன்பாடு இல்லாவிட்டால் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக்கூடாது. வாடகை தரவில்லை என்பதற்காகத் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்துவதும் கூடாது.

முன்பணம் வாங்கிய அன்றே அதைத் தனியாக ஒரு வங்கிக் கணக்கில் வைப்பாகப் போட்டுவிடுங்கள். ஒத்திக்கு விடுவதில் இன்னும் எச்சரிக்கை தேவை. ஐந்து லட்சம் மொத்தமாகக் கைக்கு வரும்போது மொத்தக் கொள்முதல் செய்யும் ஆசை வரும். மூன்று ஆண்டு கழித்து அதே ஐந்து லட்சத்தை முழுதாக எடுத்து வைக்க வேண்டும். இடையில் வாடகையும் வராது. பேரேட்டில் இதைப் பற்று வைக்கும் பக்கம் எது என்று நமக்குத் தெரியாதா?

கடைக் கணக்கு வேறு, வீட்டுக் கணக்கு வேறு

மாடியில் குடியிருப்பவர் நம் கடையிலேயே அரிசி, எண்ணெய் வாங்குவார். "வாடகையோடு சேர்த்துத் தருகிறேன் அண்ணாச்சி" என்பார். இரண்டு மாதத்தில் எது வாடகை பாக்கி, எது மளிகை பாக்கி என்று இருவருக்கும் புரியாது. தனித்தனி நோட்டு, தனித்தனி ரசீது வைத்துக்கொண்டால் மனத்தாங்கல் வராது.

வீட்டு மின் இணைப்பிலிருந்து கடைக்கு ஒயர் இழுப்பதும் வேண்டாம். பிடிபட்டால் இரு மடங்குக் கட்டணம் கட்ட நேரும். ஒவ்வொரு போர்ஷனுக்கும் தனி மின் இணைப்பு இருப்பது நல்லது. எல்லார் யூனிட்டும் ஒரே மீட்டரில் ஏறினால் கட்டண விகிதமும் ஏறும், சண்டையும் வரும்.

வரி விஷயம்

வாடகை வரவில் கட்டிய சொத்துவரியைக் கழித்து, மீதியில் 30 விழுக்காட்டைப் பராமரிப்புக்கென்று சட்டமே தள்ளித் தருகிறது. அதற்கு ரசீது கேட்பதில்லை. வாடகைக்கு விட்ட பகுதிக்குரிய கடன் வட்டியையும் கழிக்கலாம். மேலே சொன்ன கடனுக்கு முதலாண்டு வட்டி ஏறக்குறைய 2,67,000 ரூபாய். மாடி பாதி வீடு என்றால் 1,33,000 சொச்சம். ஆகவே தொடக்க ஆண்டுகளில் இந்த வாடகைக்கு வருமான வரி பெரும்பாலும் வராது. ஆனால், புதிய வரி முறையில் இருப்போர் மிஞ்சிய வட்டியைக் கடை லாபத்தில் கழிக்க இயலாது. நாம் குடியிருக்கும் பகுதியின் வட்டிக்கும் அந்த முறையில் கழிவு இல்லை.

குடும்பம் குடியிருக்க விட்டால் அந்த வாடகைக்கு ஜி.எஸ்.டி. இல்லை. வாசல் அறையைப் பிறருக்குக் கடையாக விட்டால் கணக்கு மாறும். கடைக்கு நம் பெயரில் ஜி.எஸ்.டி. பதிவு இருந்து, வீடும் அதே பெயரில் இருந்தால், வாடகை சிறிதாக இருந்தாலும் 18 விழுக்காடு வரி உண்டு. ஒப்பந்தம் எழுதுமுன் ஆடிட்டரை ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

சொந்த வீடு நம் உழைப்புக்குக் கிடைக்கும் கௌரவம். மாடி வாடகை அதற்கு ஓர் ஊன்றுகோல். சுமை முழுவதையும் அது தாங்காது. கடை நன்றாக நடந்தால்தான் வீடும் நிலைக்கும். பத்து மாத வாடகையை வரவாகவும், முன்பணத்தைக் கடனாகவும் எழுதி ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பாருங்கள். அது நேரானால் தைரியமாக முன்பணம் கொடுத்து விலை பேசலாம்.