பழனிக்கு மூட்டை கட்டத் தெரிந்தவளுக்குப் பாலைவனம் தூரமா?

எங்களுக்குத் திருச்செங்கோடு பக்கத்தில் ஒரு கிராமம். இந்தப் பக்கம் தெருவுக்குத் தெரு ரிக் வண்டிக்காரர்களும் லாரி டிரைவர்களும்தான். ஆண்களுக்கு ராஜஸ்தான், குஜராத் போய் வருவது சேலம் போய் வருகிற மாதிரி. பெண்களாகிய நாங்கள் அந்த ஊர்ப் பெயர்களைப் போனில் கேட்டதோடு சரி.

2025 பிப்ரவரியில் நானும் என் இரண்டு பெண்களும் என் வீட்டுக்காரரோடு ஜெய்சால்மர் போனோம். அங்கே நடக்கும் பாலைவனத் திருவிழாவில் பாட்டும் ஆட்டமும் பார்த்து, மணல்மேட்டுக்குப் பக்கத்தில் கூடாரத்தில் தங்கி வந்தோம். "எப்படிடி கிளம்பினே?" என்று கேட்காதவர்கள் இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

அந்த விழாவுக்கு மரு மகோத்சவம் என்று பெயர். ராஜஸ்தான் சுற்றுலாத் துறையும் மாவட்ட நிர்வாகமும் சேர்ந்து நடத்துகின்றன. வடக்கே மாக மாதப் பௌர்ணமியோடு முடியும். நம் கணக்கில் சில வருடம் தைப்பூசத்தை ஒட்டி வரும், சில வருடம் மாசி மகத்தை ஒட்டி வரும். 2025-ல் தைப்பூசம் பிப்ரவரி 11, அங்கே பௌர்ணமி 12.

இந்த ஆசை எனக்கு வந்ததற்குக் காரணம் குலாபோ சபேரா என்ற ஒரு பெண்மணி. கால்பேலியா என்னும் பாம்பாட்டி இனத்தில் பிறந்தவர். பெண்ணாகப் பிறந்தாள் என்பதற்காகப் பிறந்த அன்றே மண்ணில் புதைத்து விட்டார்களாம். தாயின் சகோதரி தோண்டி எடுத்து உயிரோடு மீட்டிருக்கிறார். இதை அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அந்தக் குழந்தை வளர்ந்து, மகுடி ஊதினால் பாம்பு ஆடுவது போல வளைந்து நெளிந்து ஆடி, அந்த ஆட்டத்தை வெளிநாடு வரை கொண்டு போனது. கால்பேலியா ஆட்டத்தை 2010-ல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. 2016-ல் குலாபோவுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை. தொட்டில் குழந்தைத் திட்டத்தை 1992-ல் அரசு முதலில் தொடங்கியது நம் சேலம் மாவட்டத்தில்தான். அப்போது நாமக்கல்லும் அதற்குள்தான் இருந்தது. ஏன் இங்கே தொடங்க வேண்டி வந்தது என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எனக்கு இரண்டாவது பெண் பிறந்தபோது பார்க்க வந்தவர்கள் "ரெண்டாவதும் பொண்ணா" என்று கேட்ட குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. என் பெண்கள் அந்த ஆட்டத்தை நேரில் பார்க்க வேண்டும் என்று அப்போதே நினைத்துக் கொண்டேன்.

அக்கம்பக்கத்தில் போட்டிருந்த சீட்டில் 80,000 ரூபாய் கைக்கு வந்தது. விஷயத்தைச் சொன்னதும் மாமியார் பிடித்துக்கொண்டார். "ரெண்டு பொட்டப் புள்ளைங்கள வெச்சுக்கிட்டு, நகை எடுக்காம பாலைவனத்துக்குப் போறேங்கறயே கண்ணு, அங்க என்ன இருக்குது?" என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பவுன் விற்கிற விலையில், பெண்ணைப் பெற்றவளுக்கு ஒவ்வொரு கிராமும் கணக்குத்தான். "நீங்க பழனி பாதயாத்திரைக்குன்னு வருசா வருசம் தனியாப் பணம் எடுத்து வெப்பீங்களே அத்தை, அது மாதிரி நெனச்சுக்குங்க" என்றேன். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே வந்து, "நாலு பேருக்கு எத்தன ஆகும்?" என்று கேட்டார். உட்கார்ந்து கணக்குப் போட்டோம். 52,000 பயணத்துக்கு, மீதியில் பெண்களுக்கு ஆளுக்கு ஒன்றரை கிராமில் தோடு என்று முடிவானது.

இனி நாங்கள் தயாரான விதத்தைச் சொல்கிறேன்.

ரயில்: சென்னை எழும்பூரிலிருந்து ஜோத்பூருக்கு வாராந்திர ரயில் இருக்கிறது. இரண்டு இரவுப் பயணம். அங்கிருந்து ஜெய்சால்மர் சுமார் 300 கிலோமீட்டர். முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது. விழாத் தேதி தெரிந்ததும் காலண்டரில் குறித்து வைத்து, திறந்த அன்றே எடுத்து விட்டோம். பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் முன்கூட்டியே லீவு சொல்லி, பாட நோட்டுகளையும் கையோடு எடுத்துக் கொண்டோம்.

தங்குமிடம்: ஊருக்குள் நடக்கும் நிகழ்ச்சிகளுக்குச் சாதாரண லாட்ஜே போதும். கடைசி நாள் நிகழ்ச்சி சுமார் 40 கிலோமீட்டர் தள்ளி, சாம் மணல்மேட்டில். அந்த ஒரு இரவுக்கு மட்டும் கூடாரம் எடுத்தோம். பணம் கட்டுமுன் என் வீட்டுக்காரரை ஹிந்தியில் நான்கு கேள்வி கேட்கச் சொன்னேன். கூடாரத்தோடு கக்கூஸ் உண்டா? வெந்நீர் எத்தனை மணிக்கு? ரஜாய் ஆளுக்கொன்று தருவார்களா? சாப்பாடு சேர்த்தா, தனியா? பெண்பிள்ளைகளோடு போகிறவர்கள் இதைக் கேட்கக் கூச்சப்படவே கூடாது.

துணிமணி: பாலைவனம் என்றால் வெயில் என்றுதான் நினைப்போம். பிப்ரவரியில் பகல் நம் மார்கழிப் பகல் மாதிரி இதமாகத்தான் இருக்கும். ராத்திரி 10 டிகிரி அளவுக்கு இறங்கி விடும். காற்றில் ஈரமும் இல்லை, வானத்தில் மேகமும் இல்லை. அதனால் பகலில் மணல் வாங்கிய சூடு பொழுது சாய்ந்ததும் பறந்து விடுகிறது. ஒரே கனமான ஸ்வெட்டரை விட, பனியன், முழுக்கை சட்டை, ஸ்வெட்டர், சால்வை என்று ஒன்றின் மேல் ஒன்றாகப் போடுவது நல்லது. சூடானால் ஒன்றைக் கழற்றலாம். காதுக்கு ஸ்கார்ப், காலுக்கு சாக்ஸ் அவசியம். மணலில் நடக்கப் புடவையை விடச் சுடிதார் சௌகரியம்.

சாப்பாடு: ரயிலில் முதல் நாளுக்கு மிளகாய்ப்பொடி தடவிய இட்லி. அடுத்த நாளுக்குச் சப்பாத்தியும் தக்காளித் தொக்கும். புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி ஒவ்வொரு பாட்டில். கொறிக்கத் தட்டை, கடலை மிட்டாய். அங்கே பருப்பு, பாட்டி, சூர்மா என்று தருகிறார்கள். பாட்டி என்பது கோதுமை மாவை உருட்டிச் சுட்டு நெய்யில் முக்கியது. பிள்ளைகள் ரசித்துச் சாப்பிட்டார்கள். என் வீட்டுக்காரருக்குத்தான் பருப்புப் பொடி தேவைப்பட்டது!

தண்ணீர்: ஜெய்சால்மரில் வருடம் முழுக்கப் பெய்வது 20 சென்டிமீட்டருக்கும் குறைவு. நமக்கு அதைப்போல மூன்று நான்கு மடங்கு பெய்கிறது. வறண்ட காற்றில் வியர்ப்பதே தெரியாது, தாகமும் தெரியாது. அதனால் ஆளுக்கொரு பாட்டில் கொடுத்து, மணிக்கொரு தரம் குடிக்க வைத்தேன். விழாவில் பெண்களுக்குக் குடம் சுமந்து ஓடும் போட்டியும் உண்டு. காலி பிளாஸ்டிக் குடத்தோடு குழாயடியில் நின்ற எனக்கு அது வேடிக்கையாகப் படவில்லை.

சில்லறைச் சாமான்கள்: உதடு, குதிகால் வெடிக்கும். தேங்காய் எண்ணெயை வாயகன்ற டப்பாவில் ஊற்றிக் கொள்ளுங்கள், குளிரில் உறைந்து விடும். மணல்மேட்டில் மருந்துக்கடை கிடையாது. நாப்கின், காகிதம், உபயோகித்ததைத் திரும்பக் கொண்டு வர ஒரு பை, மூன்றும் வேண்டும். டார்ச், ஓ.ஆர்.எஸ். பாக்கெட், எல்லோருடைய ஆதார் அட்டையும் வேண்டும். பாகிஸ்தான் எல்லை ஒட்டிய மாவட்டம் என்பதால் அடையாள அட்டை கையிலேயே இருக்கட்டும்.

வீடு: மாமனாரின் பிரஷர் மாத்திரைகளைக் காலை, இரவு என்று தனித்தனி டப்பாவில் நாள் எழுதிப் போட்டு வைத்தேன். பால்காரர், கேஸ் ஏஜென்சி, பக்கத்து வீட்டு அக்கா எண்களைப் பெரிய எழுத்தில் சுவரில் ஒட்டினேன்.

மூட்டை கட்டியபோது மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து கொண்டார். பதினைந்து வருடம் பழனிக்கு நடந்தவர், முழங்கால் வலியால்தான் நிறுத்தினார். "தூக்கிக்கிட்டு நூறு அடி நடந்து பாரு. மூச்சு வாங்கினா ரெண்டு துணிய எடுத்து வெச்சுரு" என்றார். "ராத்திரி வேணுங்கறத மேல வை" என்றார். அதன்படி நாலு மூட்டையில் ஒரு மூட்டையே குறைந்தது.

காதையும் கொஞ்சம் தயார் செய்தோம். மாங்கணியார் பாட்டுகளை ராத்திரியில் போனில் போட்டுக் கேட்டோம். அவர்கள் முஸ்லிம்கள், ஆனால் ராஜபுத்திரர் வீடுகளின் கல்யாணத்துக்கும் பிள்ளைப் பேற்றுக்கும் தலைமுறை தலைமுறையாகப் பாடுகிறவர்கள். கமாய்ச்சா என்ற வில்வாத்தியம், நம் சிப்ளாக்கட்டை மாதிரி கர்தால், முகர்சிங் போலவே மோர்சங். அந்தப் பெண்கள் வீட்டு விசேஷங்களில் பாடுவார்கள், பொது மேடையேறும் வழக்கம் இல்லை. முதலில் மேடையேறியவர் என்று ருக்மா பாயைச் சொல்கிறார்கள். போலியோவால் பாதிக்கப்பட்டவர், 2011-ல் காலமானார். இதெல்லாம் தெரிந்து போனதால் பாஷை புரியாவிட்டாலும் பிள்ளைகள் அலுத்துக் கொள்ளவில்லை.

பௌர்ணமி நிலவில் கறுப்புப் பாவாடை சுழலக் கால்பேலியா பெண்கள் ஆடியபோது சின்னவள் என் சால்வைக்குள் இருந்துகொண்டு, "அம்மா, இவங்களையா புதைச்சாங்க?" என்று கேட்டாள். பெரியவள், "பேசாம பாருடி" என்றாள். என் வீட்டுக்காரர், "இருபது வருசமா இந்தப் பக்கம் வர்றேன், லோடு எறக்குனா கெளம்பிருவேன். இதயெல்லாம் பாத்ததே இல்ல" என்றார்.

சகோதரிகளே, கோயில் விசேஷத்துக்கும் கல்யாணத்துக்கும் ஐம்பது பேருக்குச் சாமான் கணக்குப் போடுகிறவர்கள் நாம். நமக்கு வெளியூர் போகத் திறமை போதாது என்பதில்லை. நமக்கென்று ஒரு தொகையை எடுத்து வைக்கத்தான் மனசு வருவதில்லை. ஜெய்சால்மர்தான் போக வேண்டும் என்றில்லை. அடுத்த சீட்டில் ஒரு பங்கை உங்களுக்கும் உங்கள் பெண்களுக்கும் என்று ஒதுக்குங்கள். தோடும் எடுக்கலாம், ஊரும் பார்க்கலாம்.

— ஒரு வாசகி, நாமக்கல் மாவட்டம்