டயருக்குள் எவ்வளவு காற்று?



பெட்ரோல் பங்கில் ஒரு சிறு கார் வந்து நிற்கிறது. காற்றடிக்கும் பையன் குழாயைக் கையில் எடுத்துக்கொண்டு, "எவ்வளவு சார்?" என்று கேட்கிறான். "எல்லாத்துக்கும் முப்பது போடப்பா" என்று விடை வருகிறது. அந்த முப்பது எதன் முப்பது, அதை நிர்ணயித்தவர் யார் என்று இருவருமே எண்ணிப் பார்ப்பதில்லை. நாமாவது சற்று எண்ணிப் பார்ப்போம்.

ஒரு சதுர அங்குலப் பரப்பின்மீது முப்பது பவுண்டு அழுத்தம் என்பதே அதன் பொருள். மெட்ரிக் அளவில் சொன்னால், சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 2.1 கிலோகிராம். வண்டியும் அதில் ஏறிய நால்வரும் சேர்ந்து 1,000 கிலோகிராம் என்று கொள்வோம். ஒரு சக்கரத்தின் பங்கு 250. அதை 2.1-ஆல் வகுத்துப் பாருங்கள். சுமார் 120 சதுர சென்டிமீட்டர் வரும். ஒரு சக்கரம் சாலையைத் தொடும் இடம் ஏறத்தாழ அவ்வளவே. உங்கள் கையை விரித்து வைத்தால் மறைந்துவிடும். ஓடுவதும் திரும்புவதும் நிற்பதும் இந்த நான்கு கையகலத்தை நம்பித்தான் நடைபெறுகின்றன.

காற்றுக் குறைந்தால் இப்பரப்பு விரியும். அது நன்மைதானே என்று சிலர் கருதலாம். அன்று, அப்போது டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிர்கிறது. கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் சுடுவதைப் போல, ரப்பரும் சூடேறி, கோடைக்காலத்து நெடுஞ்சாலையில் வெடிக்கவும் கூடும். காற்று மிகுந்தாலோ, டயரின் நடுப்பகுதி மட்டும் தேயும், பிடிப்புக் குறையும், வண்டி குதிக்கும்.

எல்லாச் சக்கரங்களுக்கும் ஒரே அளவு போதும் என்னும் எண்ணம் எவ்வளவு தவறானது என்பதற்கு அமெரிக்க நாட்டில் ஒரு சான்று உண்டு. 1960-ஆம் ஆண்டு மாடலாகச் செவர்லே நிறுவனம் 'கார்வேர்' என்னும் சிறு காரை வெளியிட்டது. அதன் எஞ்சின் பின்புறத்தில் இருந்தது. ஆகவே எடையின் பெரும்பகுதியும் பின்புறத்தில்தான். இத்தகைய வண்டி வளைவில் வேகமாகத் திரும்பும்போது, கனத்த பின்பகுதி வெளிப்புறமாக வீசி எறியப்பட முற்படும். இதைத் தடுப்பதற்கு நிறுவனம் காற்றையும் ஒரு கருவியாக்கிக் கொண்டது. முன் டயர்களுக்கு 15 பவுண்டு, பின் டயர்களுக்கு 26 பவுண்டு என்று கையேட்டில் விதித்தது. மென்மையான முன் டயர் பக்கவாட்டில் அதிகம் நெளியும். எனவே பின்பகுதி நழுவுமுன் முன்பகுதி சற்று விலகி வண்டியை நேர்ப்படுத்தும். எவ்வளவு நுட்பமான ஏற்பாடு! ஆயினும், காற்றடிப்பவர் நான்கிலும் ஒரே அளவை அடித்துவிட்டால் அந்நுட்பம் அத்தனையும் பாழ். ரால்ப் நேடர் 1965-இல் வெளியிட்ட நூலின் முதல் அதிகாரமே இவ்வண்டியைப் பற்றியது. ஓட்டுபவர் மறக்கக்கூடிய ஒன்றின்மீது உயிர்ப் பாதுகாப்பைச் சார்த்தி வைக்கலாமா என்ற வினா அதனால் எழுந்தது. அக்காலத்து ஒத்த வண்டிகளைவிட இது தாழ்ந்ததன்று என அந்நாட்டு அரசின் பாதுகாப்புத் துறை 1972-இல் அறிக்கை தந்ததையும் சொல்லிவிடுவதே நேர்மை. வினா மட்டும் நியாயமானது என்பேன்.

நம் சிறு கார்களில் பெரும்பாலானவற்றுக்கு எஞ்சின் முன்புறத்தில் இருக்கிறது. அவற்றுக்கு உரிய அளவு, ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் தாளிலோ கையேட்டிலோ அச்சிடப்பட்டிருக்கும். இருவர் செல்லும்போது ஓர் அளவு, ஆட்களும் மூட்டைகளும் நிறைந்தால் வேறோர் அளவு என்று பிரித்துச் சொல்லியிருப்பதும் உண்டு. டயரின் பக்கத்தில் பொறித்துள்ள உச்ச அளவை இதனோடு குழப்பிக்கொள்ளலாகாது. அது டயர் தாங்கும் எல்லை; உங்கள் வண்டிக்கு ஏற்ற அளவு அன்று.

இனி, எப்போது அளப்பது? வண்டி ஓடுமுன், டயர் குளிர்ந்திருக்கும்போது. காரணத்தை உங்கள் பௌதிகப் பாடமே கூறும். கன அளவு மாறாதபோது வாயுவின் அழுத்தம் அதன் தனிவெப்பநிலைக்கு நேர்விகிதத்தில் இருக்கும். மானி காட்டும் 30-உடன் வெளிக்காற்றின் அழுத்தமாகிய 15-ஐயும் சேர்த்தால் 45. காலை வெப்பம் 27 டிகிரி, அதாவது 300 கெல்வின். ஓடியதனால் டயர் 30 டிகிரி சூடேறினால், அழுத்தம் பத்தில் ஒரு பங்கு, அதாவது நாலரைப் பவுண்டு உயரும். மானி முப்பத்து நான்கரை என்று காட்டும். "அதிகமாயிற்றே" என்று அதைத் திறந்து முப்பதுக்கு இறக்குபவர் பலர். அவ்வண்டியை மறுநாள் காலை அளந்து பாருங்கள்; 26 தான் இருக்கும். காற்றுக் குறைந்த டயரோடு அன்றையப் பயணம் தொடங்கும். சூடான டயரிலிருந்து காற்றை இறக்காதீர்கள் என்று வல்லுநர்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

நைட்ரஜன் அடித்தால் இத்தொல்லை இல்லை என்று கூறிக் காசு வாங்குவோர் உளர். நாம் சுவாசிக்கும் காற்றிலேயே 78 விழுக்காடு நைட்ரஜன்தான். வெப்பத்தால் விரிவதிலும் இரண்டுக்கும் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. அந்தக் காசுக்கு நல்லதோர் அழுத்தமானி வாங்கி வைத்துக்கொள்ளலாம். மாதம் ஒருமுறை அதைக் கையில் எடுக்கும்போது பின்பெட்டியில் கிடக்கும் ஸ்டெப்னியையும் அளந்துவிடுங்கள். பயன்படாமல் கிடக்கும் டயரிலிருந்தும் காற்று மெல்ல மெல்லக் கசியும்.