நீர்வழி – 14: ஊற்றின் அளவே நம் அளவு

சென்ற வாரம் ஏரிகளைப் பார்த்தோம். இந்த வாரம் ஏரிக்கும் முந்தைய ஊற்றுக்கு வருவோம்.

பெங்களூருவுக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டரில், 1,478 மீட்டர் உயரத்தில் நிற்கிறது நந்தி மலை. அர்க்காவதி, தென்பெண்ணை, பாலாறு மூன்றும் பிறப்பது இந்த மலை வட்டாரத்தில்தான். தென்பெண்ணையின் கிருஷ்ணகிரி, சாத்தனூர் அணைகளை நம்பி வாழும் நமக்கு இந்தக் குன்றுகள் அயலூர் அல்ல.

இங்கே ஊற்று பிறக்கும் விதம் எளிது. மேலே பொடிந்த மண்ணும் சிதைந்த பாறையும். அடியில் கெட்டிக் கருங்கல். பெய்த மழை மேலடுக்கில் இறங்கி, கருங்கல்லில் முட்டி, சரிவோடு நகர்கிறது. சரிவு வெட்டுப்படும் இடத்தில் கசிந்து வெளியே வருகிறது. ஆகவே ஊற்றின் உயிர் அதன் கண்ணில் இல்லை, அதற்கு மேலேயுள்ள மேட்டில் இருக்கிறது.

முன்னோர் இதை அறிந்து கட்டினார்கள். கோலார் நகரை ஒட்டிய மலையில் அந்தரகங்கையைப் பாருங்கள். மலையில் ஊறும் நீர் கல் நந்தியின் வாய்வழியே குளத்தில் விழுகிறது. யாரும் ஊற்றுக்கண்ணில் குடத்தை விடுவதில்லை. வெளியே வருவதைத்தான் பிடிக்கிறார்கள்.

துமகூரு மாவட்டத்தில் மதுகிரி, கொரட்டகெரே பக்கத்துக் கிராமங்களில் இதையே உழவுக்குப் பயன்படுத்தினார்கள். நீர் ஊறும் இடத்தைக் குளம்போல வெட்டி, அங்கிருந்து கால்வாய் வழியே தாழ்வான வயல்களுக்கு இறக்கினார்கள். தலபரிகெ என்று அதற்குப் பெயர். பாலாற்றுப் படுகையின் ஊற்றுக்கால்களுக்கு இது உறவு. ஊர் கூடித் தூர் வாரியது. நம் நீர்க்கட்டிகளைப் போல அங்கே நீருகண்டிகள் முறைவைத்துப் பாய்ச்சினார்கள். மோட்டார் இல்லாததால், எவ்வளவு எடுக்கலாம் என்பதை ஊற்றே தீர்மானித்தது. ஆழ்துளைக் கிணறுகள் பெருகியதும் தலபரிகெகளில் பல வறண்டன.

அர்க்காவதிக்கும் அதே கதிதான். பெங்களூருவுக்குக் குடிநீர் தர 1933இல் அதன் குறுக்கே திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கம் வந்தது. பின்னாளில் அதற்கு வரும் நீர் பெரிதும் குறைந்தது. பெங்களூருவின் ஏட்ரீ நிறுவன ஆய்வாளர்கள் காரணம் தேடியபோது, மழை பொய்த்ததைவிட நிலத்தடி நீரை உறிஞ்சியதும் தைல மரத் தோப்புகளுமே முக்கியக் காரணங்களாகத் தெரிந்தன. கர்நாடக அரசு 2017இல் தைல மரம் நடத் தடை விதித்தது. நிலத்தடி நீரின் நிலையையும் பாருங்கள்: 2024 கோடையில் பெங்களூருவின் 13,900 ஆழ்துளைக் கிணறுகளில் 6,900 செயலிழந்துவிட்டதாகத் துணை முதல்வர் டி.கே. சிவகுமார் அறிவித்தார்.

இன்று கனகபுரா, ஆனேக்கல், ஓசூர் பக்கம் நிலம் வாங்கும் பலருக்கு ஓரத்தில் ஒரு சிறு கசிவு கிடைக்கக்கூடும். அது பெருஞ்செல்வம். ஆனால் ஜேசிபியை வரவழைத்து ஆழமாகத் தோண்டிவிடாதீர்கள். அடியிலுள்ள கெட்டி அடுக்கு உடைந்தால் நீர் வேறு வழியில் இறங்கிப் போய்விடும்.

முதலில் ஏப்ரல், மே மாதங்களில் அளந்து பாருங்கள். 10 லிட்டர் வாளி 2 நிமிடத்தில் நிறைந்தால் நிமிடத்துக்கு 5 லிட்டர். ஒரு நாளைக்கு 7,200 லிட்டர். நூல்போல ஒழுகும் நீர் ஒரு குடும்பத்துக்கும் மாடுகளுக்கும் காய்கறிப் பாத்திக்கும் போதும். தேவை ஆழமான குழி அல்ல, இரவில் ஒழுகுவதையும் சேர்த்துவைக்கும் தொட்டி.

ஊற்றுக்கண்ணைச் சுற்றியுள்ள தளர்ந்த மண்ணை மண்வெட்டியால் மட்டும் அகற்றுங்கள். மேட்டுப் பக்கம் கல்லும் ஜல்லியும் அடுக்கி, தாழ்ந்த பக்கம் சிறு சுவர் எழுப்பி, மூடி போடுங்கள். தொட்டிக்குப் போகும் குழாயும் உபரி நீர்க் குழாயும் ஊற்றின் இயல்பான மட்டத்துக்கு மேலே போகக் கூடாது. நீர் எதிர்த்துத் தேங்கினால் ஊற்று இடம் மாறலாம். மழை வெள்ளம் உள்ளே புகாமல் மேலே ஒரு வாய்க்கால் வெட்டுங்கள். ஆடுமாடு நெருங்காமல் வேலி போடுங்கள். குடிக்கும் முன் நீரைச் சோதிக்கக் கொடுங்கள். உபரி நீரை ஓடைக்கே விட்டுவிடுங்கள்; கீழே உள்ளவருக்கும் பறவைக்கும் அதில் பங்கு உண்டு.

மேட்டுக்கும் வேலை செய்யுங்கள். சிக்கிமில் 2008 முதல் தாரா விகாஸ் திட்டத்தில் மலைச்சரிவுகளில் மழைநீரைத் தேக்கும் குழிகள் வெட்டினார்கள். வற்றிக்கொண்டிருந்த பல ஊற்றுகள் தேறின. நந்தி மலை வட்டாரக் குன்றுகளிலும் இது முடியாத காரியமல்ல.

உங்கள் நிலத்தில் ஊற்று இருந்தால், அதற்கு மேலே தைல மரத்தையும் போர்வெல்லையும் அனுமதிக்காதீர்கள். மேட்டு நிலம் இன்னொருவருடையது என்றால் அவரிடம் போய்ப் பேசுங்கள். ஊற்று தருவதை மட்டும் வாங்கிக்கொள்ளும் நிலத்தில்தான் அது நம் பிள்ளைகள் காலத்திலும் ஓடும்.