பளிங்கும் புத்தொளியும்: நேர்விகிதம் கடந்த ஒளியியல் பற்றிய ஒரு சொல்விளக்கம்

திருக்குறளின் பொருட்பாலில், குறிப்பறிதல் அதிகாரத்தில், பளிங்கு உவமையாக வருகின்றது. தன்னை அடுத்த பொருளின் நிறத்தைத் தான் கொண்டு காட்டுதல் அதன் இயல்பென்று பரிமேலழகர் உரை கூறும். செம்பூ அடுத்திருப்பின் செம்மை தோன்றும். பசுந்தழை அடுத்திருப்பின் பசுமை தோன்றும். கொடுத்ததைக் காட்டுமேயன்றிக் கொடாததைக் காட்டாது. உவமையின் ஆற்றலே இவ்வியல்பில்தான் உள்ளது. ஆயின் 1961ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இதே பளிங்கினுள் செவ்வொளி ஒன்றைச் செலுத்தியபோது, கொடாத ஒளி ஒன்றும் அதனின்று வெளிப்பட்டது. அப்புத்தொளியின் வழியே வளர்ந்த துறையை ஆங்கிலத்தில் வழங்கும் பெயரையொட்டித் தமிழில் ‘நேரியல் அல்லா ஒளியியல்’ என்கின்றனர். இத்தொடர் எதனைக் குறிக்கின்றது, எதனைக் குறிக்கவில்லை என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழ் பயிற்றும் யாம் இத்துறையில் அடியெடுத்து வைத்தற்கு ஒரு காரணம் உண்டு. கம்பம் பள்ளத்தாக்கைச் சேர்ந்த ஆய்வு மாணவி ஒருவர், இயற்பியலில் தாம் எழுதிய முனைவர் பட்ட ஆய்வேட்டின் தமிழ்ச் சுருக்கத்தைத் திருத்தித் தருமாறு எம்மிடம் வந்தார். ஏட்டின் முதற்பக்கத்திலேயே ‘நேர்கோட்டில் செல்லாத ஒளிக்குரிய படிகங்கள்’ என்றிருந்தது. ஒளி வளைந்து செல்வதைப் பற்றிய ஆராய்ச்சியோ என்று வினவினோம். அவர் நகைத்து, ஒளி நேரே தான் செல்கின்றது என்றார். எனின், நேர் அல்லாதது யாது? இவ்வினாவுக்கு அவர் ஆங்கிலத்தில் தெளிவாக விடை கூறினார்; தமிழில் கூறவியலாது திகைத்தார். அவர் குடும்பத்தில் பட்டம் பெறுவோருள் முதல்வர் அவரே. கண்ணாடிக் குவளையில் ஐந்தாண்டு எதனை வளர்த்தாய் என்று தந்தையார் கேட்பின் சொல்ல ஒரு தொடர் வேண்டும் என்பது அவர் விருப்பம்.

ஒளி என்பது மின்புலமும் காந்தப்புலமும் சேர்ந்து அலையாக விரைவது. அது ஒரு பொருளினுட் புகும்போது, அப்பொருளின் அணுக்களில் உள்ள எலெக்ட்ரான்களை அதன் மின்புலம் முன்னும் பின்னும் அசைக்கின்றது. அசைந்த எலெக்ட்ரான்கள் தாமும் ஒளியை உமிழ்கின்றன. புலம் இருமடங்காயின் அசைவும் இருமடங்காம் என்பதே பழைய ஒளியியலின் அடிப்படை. போடிநாயக்கனூர் ஏலக்காய் மூட்டையைச் சுருள்வில் தராசில் தொங்கவிடும்போது முள் எடைக்கேற்ப இறங்குகின்றதன்றோ? அதுபோன்றதே இது. ஆயின் அளவு கடந்த பாரத்தைத் தூக்கின், வில் தன் கணக்கை மீறி நீளும். எடைக்கும் நீட்சிக்கும் இருந்த நேர்விகிதம் கெடும். ஒளிக்கும் இந்நிலை உண்டு. நண்பகல் வெயிலின் மின்புலம் மீட்டருக்கு 1,000 வோல்ட்டை எட்டாது. ஐதரசன் அணு தன் எலெக்ட்ரானைக் கட்டிவைத்துள்ள புலமோ மீட்டருக்கு ஏறத்தாழ 50,000 கோடி வோல்ட். யானையின் முன் எறும்பு போன்ற வெயிலால் அக்கட்டு நெகிழாது. ஆதலின் விகிதமும் மீறப்படாது. 1960இல் மெய்மன் என்பார் மாணிக்கக் கல்லினின்று லேசர் ஒளியைத் தோற்றுவித்த பின்னரே, விகிதம் மீறுதலைக் கண்டறியத்தக்க வலிய ஒளி மக்கள் கைக்கு வந்தது.

விகிதம் மீறினால் நிகழ்வது யாது? எலெக்ட்ரானின் அசைவு புலத்தின் அளவை மட்டுமன்றி, அவ்வளவின் இருமடியையும் சிறிது சார்ந்து நிற்கும். மேலும் கீழுமாக ஒரு சுற்றுக்கு ஒருமுறை அலையும் ஓர் அளவை அதனாலேயே பெருக்கின், கீழ்நோக்கிய பாதியும் மேல்நோக்கியதாகி, ஒரு சுற்றுக்கு இருமுறை எழும். அதிர்வெண் இரட்டித்த ஒளி பிறப்பது இங்ஙனமே. இசைநூலார் மெலிவு, சமன், வலிவு என மூன்று நிலை கூறுவர். சமனில் நின்ற சுரம் வலிவிற் சென்றால் அதிர்வெண் இரட்டிக்கும். புல்லாங்குழலில் மெல்ல ஊதுங்கால் சமன் ஒலியும், அதே துளைகளை மூடி வலிந்து ஊதுங்கால் வலிவு ஒலியும் எழுவதை இசை பயின்றோர் அறிவர். இவ்வொப்புமையை ஓர் எல்லைக்கு மேல் நீட்டலாகாது: குழலில் ஒரு சுரம் மற்றொன்றற்கு இடங்கொடுத்து விலகும், படிகத்தினுள்ளோ பழைய ஒளியும் புத்தொளியும் உடன் செல்லும்.

மிச்சிகனில் ஃபிராங்கனும் அவர்தம் துணைவர் மூவரும் செய்தது இச்சோதனையே. 694.3 நானோமீட்டர் அலைநீளமுள்ள மாணிக்க லேசர் ஒளியைப் பளிங்கில் பாய்ச்சினர். அதன் பாதி அலைநீளத்தில், ஏறத்தாழ 347 நானோமீட்டரில், கண்ணுக்குப் புலனாகாத புறவூதா ஒளி ஒளிப்படத் தகட்டில் ஒரு சிறு புள்ளியாகப் பதிந்தது. அதன் அளவு மிகச் சிறிது. பத்துக்கோடியில் ஒரு பங்கு என்னும் தரத்தது. இக்கட்டுரை இயற்பியல் இதழொன்றில் அச்சேறியபோது, அப்புள்ளியை மாசு எனக் கருதி நீக்கிவிட்டனர் என்பது அத்துறையார் இன்றும் சொல்லி மகிழும் செய்தி. அச்சிட்ட படத்தில் அம்புக்குறி மட்டும் வெற்றிடத்தைச் சுட்டி நிற்கின்றது. ஏட்டுச்சுவடிகளில் மெய்யெழுத்தின் புள்ளி எழுதப்படாமையால் பதிப்பாசிரியர் பட்ட இடரை அறிந்த நமக்கு இது புதுமையன்று. அங்கே இல்லாத புள்ளியை ஊகித்து இடவேண்டியிருந்தது. இங்கே இருந்த புள்ளி மறைந்தது.

எல்லாப் படிகமும் இவ்வாறு இரட்டிக்குமோ எனின், அன்று. இதனை அடுக்களைப் பொருள் இரண்டால் விளக்கலாம். உப்புப் படிகம் இரட்டிக்காது. சர்க்கரைப் படிகம் இரட்டிக்கும். தேனி வட்டாரத்துக் கரும்பிலிருந்து எடுத்த சர்க்கரையைப் பொடித்து, 1,064 நானோமீட்டர் அகச்சிவப்பு லேசரை அதன்மேற் செலுத்தினால், 532 நானோமீட்டரில் மெல்லிய பச்சை ஒளி தோன்றும். வேறுபாட்டின் காரணம் அணுக்களின் அடுக்கு முறையே. உப்பினுள் ஒரு நடுப்புள்ளியினின்று எத்திசையில் நோக்கினும், எதிர்த்திசையிலும் அதே காட்சி அமையும். அத்தகைய பொருளில் புலத்தின் திசையை மாற்றினால் அசைவின் திசையும் அதே அளவில் மாறியாக வேண்டும். இருமடியோ திசை மாற்றத்தை அறியாது. எதிர்க்குறியைப் பெருக்கினும் நேர்க்குறியே வரும். இவ்விரண்டும் ஒருங்கே நிற்க ஒரே வழி, இருமடிப் பகுதி சுழியமாதல். சர்க்கரையின் மூலக்கூறு வலம் இடம் வேறுபாடுடையது. ஆதலின் அதன் படிகத்தில் அத்தகைய நடுமை இல்லை. கர்ட்சு, பெரி என்னும் இருவர் 1968இல் வகுத்த பொடிச் சோதனை இவ்வகையினதே. பெரிய படிகம் வளர்க்கும் முன்னரே ஒரு பொருள் இரட்டிக்குமா என்பதைப் பொடியைக் கொண்டே அறியலாம். யூரியா முதலிய தெரிந்த பொருள்களோடு ஒப்பிட்டு அளவும் கூறலாம். நம் மாநிலத்து ஆய்வேடுகள் பலவற்றில் இச்சோதனை இடம் பெறுகின்றது.

பளிங்கில் புத்தொளி மிகக் குறைந்ததற்கு மற்றொரு காரணமும் உண்டு. பழைய ஒளியும் புதியதும் படிகத்தினுள் வெவ்வேறு விரைவில் செல்கின்றன. முன்னிடத்திற் பிறந்த புத்தொளியும் பின்னிடத்திற் பிறந்ததும் தாளம் பிசகி ஒன்றையொன்று அழிக்கின்றன. சில படிகங்களில் ஒரு குறித்த திசையில் இரு விரைவும் ஒத்திருக்கும் என்பதை 1962இல் கண்டனர். அத்திசையில் வெட்டிய படிகமே பயன்படும். திருவிழாக் கடைகளில் விற்கும் பச்சை லேசர் விளக்குகளுட் பல இவ்வாறு அகச்சிவப்பை இரட்டித்துப் பச்சையாக்குவனவே.

ஈண்டு ஓர் ஐயம் எழலாம். நிறம் மாறுதலே இத்துறையின் இலக்கணமாயின், 1928இல் சர். சி. வி. இராமன் கண்ட விளைவும் இதன்பாற் படுமன்றோ? திருவானைக்காவலிற் பிறந்த இராமனும், வருசநாட்டு மலைக்கு அப்பால் வத்திராயிருப்பிற் பிறந்த கே. எஸ். கிருஷ்ணனும் கல்கத்தாவில் ஆராய்ந்த அவ்விளைவில், சிதறிய ஒளியின் ஒரு பகுதி நிறம் மாறியே வருகின்றது. ஆயின் படும் ஒளியின் செறிவு இருமடங்கானால் நிறம் மாறிய ஒளியும் இருமடங்கே ஆகும், விகிதம் பிறழவில்லை. அதிர்வெண் இரட்டித்தலிலோ, படும் ஒளி இருமடங்கானால் புத்தொளி நான்மடங்காம். மும்மடங்கானால் ஒன்பது மடங்காம். ஆகவே இராமன் விளைவு இத்துறையின் புறத்தது. லேசரால் தூண்டப்பெற்று வலுக்கும் இராமன் சிதறலை 1962இல் கண்டனர். அது மட்டுமே இதன் அகத்தது. இலக்கணம் நிறத்தைப் பற்றியதன்று, செல்லும் வழியைப் பற்றியதுமன்று, விகிதத்தைப் பற்றியது என்பது இதனால் ஒருதலை.

இனி, தமிழகத்தில் நிகழ்ந்ததைச் சிறிது கூறுவோம். சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் 1982இல் படிக வளர்ச்சி மையம் தோன்றிற்று. கரைசலினின்று படிகம் வளர்த்தல், பெருஞ்செலவின்றிக் கல்லூரிகளிலும் இயலும் பணியாயிற்று. கற்கண்டு காய்ச்சுவோர் நூலிற் பற்றவைத்து வளர்ப்பது போல, சிறு விதைப்படிகத்தைத் தெவிட்டிய கரைசலில் இட்டு, நீரைப் பல நாள் மெல்ல ஆவியாக விடுவர். இதில் குறை ஒன்றுண்டு: படிகம் தன் விருப்பப்படி எல்லாப் பக்கமும் வளரும், வேண்டிய திசையிற் பின்னர் வெட்டுதலில் பெரும்பகுதி வீணாகும். 2005இல் சங்கரநாராயணன், இராமசாமி என்னும் இருவர் ஒரு புதுமுறையை வெளியிட்டனர். கண்ணாடிக் குழாயின் அடியில் வேண்டிய திசை மேல்நோக்க விதையை வைத்து, மேற்பகுதியை மட்டும் சூடாக்கி, அவ்வொரு திசையிலேயே படிகம் நெடிது வளருமாறு செய்வது அம்முறை. அவ்விருவர் பெயராலேயே அது வழங்குகின்றது. பிற நாட்டாய்வாளரும் அதனைக் கையாள்கின்றனர். எம்மிடம் வந்த மாணவி வளர்த்ததும் இம்முறையிலேயே.

படிகத்தோடு இத்துறை நின்றுவிடவில்லை. ஓர் அணு ஒரே நேரத்தில் இரண்டு ஒளித்துகளை உட்கொள்ளக்கூடும் என்று மரியா கெப்பர்ட்-மேயர் 1931இல் கணக்கிட்டுக் கூறினார். சோதனையிற் காண முப்பதாண்டு காத்திருக்க நேர்ந்தது. 1990இல் தெங்க், ஸ்டிரிக்லர், வெப் மூவரும் அதனைக் கொண்டு நுண்ணோக்கி அமைத்தனர். ஒளி குவியும் இடத்தில் மட்டுமே இருமடி விளைவு வலுப்பெறும். முன்னும் பின்னும் மங்கிவிடும். ஆதலின் உயிருள்ள திசுவை அறுக்காமலே அதன் ஆழத்தில் ஒரு தளத்தை மட்டும் காணலாம். இதனினும் எம்மைக் கவர்ந்தது ஒன்றுண்டு. தோல், தசைநாண், கண்ணின் கருவிழிப்படலம் ஆகியவற்றிலுள்ள கொல்லாஜன் என்னும் புரதம், சாயமேற்றாமலே தானாக ஒளியை இரட்டிக்கின்றது. 1986இல் ஃபிராய்ண்ட் குழுவினர் எலிவால் தசைநாணில் இதனை நுண்ணோக்கியாற் கண்டு ஆராய்ந்தனர். காரணம் சர்க்கரைக்குக் கூறியதே: அதன் இழைகளுக்கு நடுமை இல்லை. அக்கொல்லாஜன் முப்புரியாய் முறுக்கிய வடிவினது என்று 1954இல் உலகிற்கு அறிவித்தவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்து ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் ஆவர். லேசர் தோன்றுதற்கு ஆறாண்டு முன்னரே, கிண்டியில் இருந்து, அவ்விழை ஒளியை இரட்டிக்கும் காரணத்தின் வித்தை அவர்கள் வரைந்து வைத்தனர். அந்நோக்கம் அவர்களுக்கு இருந்ததன்று.

இனிச் சொல்லுக்கு வருவோம். 1916இல் சேலத்தில் இராசாசி முதலியோர் அறிவியற் கலைச்சொற்களுக்கெனச் சங்கம் கண்டனர்; 1938இல் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் கலைச்சொல் தொகுதி வெளியிட்டது. இவையெல்லாம் லேசருக்கு முற்பட்டவை. ஆதலின் இச்சொல்லுக்கு அவற்றில் விடை இல்லை. ‘நேர்’ என்பது தமிழில் பலபொருள் ஒருசொல்: வளைவின்மை, ஒப்பு, எதிர்ப்படுதல் எனப் பல, யாப்புப் பயின்றோர்க்கோ நேரசை முதலில் நினைவுக்கு வரும். ‘நேரியல் அல்லா’ என்புழி எந்த நேர் என்பது விளங்காது. அதனாலேயே ‘நேர்கோட்டில் செல்லாத’ என்னும் பிழை நுழைந்தது. ‘நேர்விகிதம்’ என்பதோ பள்ளிக் கணக்கில் யாவரும் பயின்ற சொல். ஆகவே ‘நேர்விகிதம் கடந்த ஒளியியல்’ என்பது எம் கருத்து. ‘அல்லாத’ என்னாது ‘கடந்த’ என்றது காரணம் பற்றியே: மெல்லொளியில் விகிதம் உண்டு, வல்லொளியில் அது மீறப்படுகின்றது. இல்லாமை வேறு, இருந்ததைக் கடத்தல் வேறு. விகிதம் வடசொல் என்று தடை கூறுவார்க்கு, அதனினும் விளங்கும் தனித்தமிழ்ச்சொல் தருவாராயின் ஏற்போம் என்பதே எம் விடை.

இது வெறும் சொற்பூசல் அன்று. போடி மேற்கு மலையில் பொட்டிப்புரத்தருகே 50,000 டன் இரும்பைக் கொண்டு நியூட்ரினோ ஆய்வுக்கூடம் அமைக்க 2015 ஜனவரியில் நடுவண் அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. பின் அது எதிர்ப்புக்கும் வழக்குகளுக்கும் உள்ளாயிற்று. அந்நாளில் இவ்வட்டாரத்துத் தேநீர்க்கடைகளில் நியூட்ரினோவையும் நியூட்ரானையும் ஒன்றெனக் கொண்டு பேசியதை யாமே கேட்டோம். வேண்டும் என்போரும் வேண்டா என்போரும் அப்பிழையில் ஒத்திருந்தனர். ஒலியால் நெருங்கிய இரு சொற்களைப் பிரித்துணர்த்தத் தமிழில் ஓர் எளிய விளக்கம் அவர்கள் கையில் இல்லை.

மாணவியின் சுருக்கத்தைத் திருத்தியபோது எம் தொடரையே எழுதினோம். தலைப்பில் மட்டும் ‘நேரியல் அல்லா’ என்பதை மாற்ற அவர் உடன்படவில்லை. பதிவு செய்த தலைப்பு அதுவென்றும், தேர்வாளர் அதனையே அறிவர் என்றும் கூறினார். அது தக்கதே. ஆகவே தலைப்பு அவ்வாறே நிற்க, முதல் வாக்கியத்தில் இவ்வாறு சேர்த்தோம்: ‘ஈண்டு நேரியல் என்றது ஒளியின் வழியை அன்று, புகும் ஒளிக்கும் படிகத்தின் எதிர்வினைக்கும் உள்ள நேர்விகிதத்தை.’