பழைய வழக்கங்களை ஆங்கிலத்தில் எழுதுதல்



ஆங்கிலம் கற்கும் நம் மாணவர்களின் கொப்பிகளைத் திருத்துவோர் அடிக்கடி எதிர்கொள்ளும் வசனம் ஒன்று உண்டு. 'ஐ யூஸ்ட் டு ரீட் த நியூஸ்பேப்பர் எவ்ரி டே' என்பதே அது. நாள்தோறும் பத்திரிகை வாசிப்பது என் வழக்கம் என்று சொல்லவே மாணவன் கருதுகின்றான். ஆங்கிலம் அறிந்த ஒருவரோ அதனைப் படித்துவிட்டு, இவன் முன்னொரு காலத்தில் பத்திரிகை வாசித்தவன், இப்போது அப்பழக்கத்தைக் கைவிட்டவன் என்று விளங்கிக்கொள்வார். உத்தியோகத்துக்கு விண்ணப்பிப்பவன் தன் நற்பழக்கமொன்றை எடுத்துரைக்கப் புகுந்து, அது தன்னிடம் இப்போது இல்லையென்று தன் கையாலேயே எழுதிக் கொடுத்துவிடுகின்றான்.

இப்பிழையின் வேர் நம் தமிழிலேயே இருக்கின்றது. 'வழக்கம்' என்னும் சொல்லுக்குக் காலம் இல்லை. 'வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்குப் போவது அவருடைய வழக்கம்' என்றால் இன்றும் போகின்றார் என்று கொள்ளலாம். பழங்கதையின் நடுவே அதே வசனம் வந்தால் அன்று போனார் என்றும் கொள்ளலாம். இடம் நோக்கி நாம் பொருள் கொள்கின்றோம். 'யூஸ்ட் டு' என்பதோ இறந்தகாலத்துக்கே உரியது. இன்றைய வழக்கத்தைச் சொல்வதற்குச் சாதாரண நிகழ்கால வினையே போதும். 'ஐ ரீட்' என்று மாத்திரம் எழுதி, 'எவ்ரி டே' என்பதைச் சேர்த்துவிட்டால் காரியம் முடிந்தது.

இத்தொடர் பற்றி வேறு இரண்டொரு குறிப்பும் சொல்லவேண்டும். எதிர்மறையிலும் வினாவிலும் 'டிட்' என்னும் துணைவினை வந்து சேரும்போது, 'யூஸ்ட்' தன் ஈற்றெழுத்தாகிய 'டி'யை இழந்துவிடும். 'ஐ ஆம் யூஸ்ட் டு வோக்கிங்' என்பது முற்றிலும் வேறு பொருளுடையது. நடந்து நடந்து எனக்குப் பழகிவிட்டது என்பதே அதன் கருத்து. உச்சரிப்பிலும் ஒரு நுட்பம் உண்டு. ஒரு கருவியைப் பயன்படுத்தினான் என்ற பொருளில் இச்சொல் வரும்போது அதன் நடுவே தேனீயின் இரைச்சல் போன்ற அதிர்வு கேட்கும். வழக்கப் பொருளில் வரும்போது அவ்வதிர்வு இல்லை. பாம்பின் சீறல் போல அடங்கி ஒலிக்கும். ஆங்கில ஒலிபரப்பைக் கேட்கும்போது இவ்வேறுபாட்டைச் செவி கொடுத்துக் கவனியுங்கள்.

இனி 'வுட்' என்பதற்கு வருவோம். நம் மாணவர்கள் இதனைக் கண்டு அஞ்சுவது எனக்கு வியப்பாகவே இருக்கின்றது. ஏனெனில், இதற்கான திறவுகோல் அவர்களுடைய வாயிலேயே இருக்கின்றது. 'அந்த நாளில் எங்கள் அம்மம்மா விடியுமுன் எழும்புவார், முற்றம் கூட்டுவார், கிணற்றில் தண்ணீர் அள்ளிக் குடத்தில் நிரப்பி வைப்பார்' என்று நாம் பேசுகின்றோம். எழும்புவார், கூட்டுவார், வைப்பார் ஆகிய மூன்றையும் இலக்கணம் எதிர்கால வினைமுற்று என்று கூறும். ஆயினும் நாம் சொல்வது இறந்துபோன காலத்தை. ஆங்கிலத்திலும் நிலைமை ஏறக்குறைய இதுதான். எதிர்காலத்துக்கு உதவும் 'வில்' என்பதன் இறந்தகால வடிவமே 'வுட்'. அம்மம்மாவின் விடியற்காலையை ஆங்கிலத்தில் எழுதும் மாணவன், தமிழில் 'வார்' வந்த இடத்திலெல்லாம் 'வுட்' இட்டுப் பார்க்கலாம். பெரும்பாலும் சரியாகவே அமையும்.

பெரும்பாலும் என்றேன், எங்கும் என்று சொல்லவில்லை. செயலுக்கு 'வுட்' பொருந்தும்; நிலைக்குப் பொருந்தாது. 'அப்போதெல்லாம் எங்கள் வளவில் ஒரு பெரிய வேம்பு இருக்கும்' என்று தமிழில் சொல்லலாம். அதனை அப்படியே 'தெயர் வுட் பி' என்று தொடங்கி எழுதினால் ஆங்கிலம் இடறும். மரம் நின்றது, மாடு இருந்தது, ஓரூரில் வாழ்ந்தோம், ஒருவரை நேசித்தோம் என்பன திரும்பத் திரும்ப நிகழும் செயல்களல்ல, தொடர்ந்து நிலைத்தவை. அவற்றுக்கு 'யூஸ்ட் டு' வேண்டும், அல்லது சாதாரண இறந்தகாலம் வேண்டும். மேலும், 'வுட்' என்பது தனியே நிற்கமாட்டாது. எக்காலத்தைப் பற்றிப் பேசுகின்றோம் என்பதை முன்னரே ஒரு வசனத்தால் நிலைநாட்டியிருத்தல் அவசியம்.

தொகையோ கால அளவோ வரும்போது இவ்விரண்டையுமே விட்டுவிடல் வேண்டும். மூன்று ஆண்டுகள் கண்டியில் வாழ்ந்தேன், ஐந்து தடவை சிவனொளிபாதமலை ஏறினேன் என்பவற்றுக்குச் சாதாரண இறந்தகாலமே உரியது.

இவையெல்லாம் எதற்காக என்று கேட்பீர்கள். தன் வாழ்க்கையை எழுதுகின்ற எவனுக்கும் இவை தேவை. பரீட்சைக்காக எழுதும் சிறுவனுக்கும் தேவை. முதுமையில் நினைவுகளை எழுதுபவருக்கும் தேவை. 1904ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கைக்கு வந்து, யாழ்ப்பாணத்திலும் கண்டியிலும் அம்பாந்தோட்டையிலும் சிவில் சேவை உத்தியோகம் பார்த்து, 1911இல் நாடு திரும்பிய லெனாட் வுல்ஃப், ஐம்பது ஆண்டுகள் கழிந்த பின் அந்நாள்களைப் பற்றி 'குரோவிங்' என்னும் நூலை எழுதினார். அது 1961இல் வெளிவந்தது. கச்சேரி வேலை முடிந்து மாலைதோறும் டெனிஸ் ஆடிய வழக்கம் அதில் வருகின்றது. குறித்த ஒரு நாளில் நேர்ந்த குறித்த சம்பவங்களும் வருகின்றன. சுயசரிதைக்கு இவ்விரு நூலும் வேண்டும். ஒன்று பாவு, மற்றது ஊடு. நம் மாணவரின் கட்டுரைகளில் பெரும்பாலும் பாவு மட்டுமே இருக்கும். மாமா வீட்டுக்குப் போவோம், மாம்பழம் பறிப்போம், குளத்தில் குளிப்போம் என்று பக்கம் நிறையும், ஒன்றும் நடவாது. 'ஒருநாள்' என்ற சொல் வரும் வரையில் நான் காத்திருப்பேன். அச்சொல் வந்தவுடன் 'வுட்' விலகிச் சாதாரண இறந்தகாலம் உள்ளே வரவேண்டும். முதல் வசனத்தில் ஒருமுறை 'யூஸ்ட் டு', பின்பு நான்கைந்து 'வுட்', அதன்பின் அந்த ஒருநாள் என்று எழுதிப் பழகுமாறு என் மாணவருக்குச் சொல்வதுண்டு. வசனந்தோறும் 'யூஸ்ட் டு' எழுதுவது தவறன்று, கேட்பதற்குத்தான் சகிக்காது.

நான் இதனை ஒழுங்காகக் கற்றது புத்தகத்திலன்று. ஏறக்குறைய முப்பது ஆண்டுகளுக்கு முன், கிழக்குக் கரையோரத்துச் சிறு பாடசாலையொன்றில் இளம் ஆசிரியனாக இருந்தேன். தந்தையைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதுமாறு ஏழாம் ஆண்டுப் பிள்ளைகளைக் கேட்டிருந்தேன். ஒரு சிறுமி, அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் தன்னைத் தோணியில் ஏற்றி வாவிக்குக் கூட்டிச் செல்கின்றார் என நிகழ்காலத்தில் எழுதியிருந்தாள். அவளுடைய தந்தை இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு காலையில் பட்டணத்துக்குப் போனவர், திரும்பி வரவில்லை. ஊரார் யாவரும் அறிந்த செய்தி அது, நானும் அறிவேன். 'டேக்ஸ்' என்பதைச் சிவப்பு மையால் வெட்டி, மேலே 'யூஸ்ட் டு டேக்' என்று எழுதினேன். இலக்கணப்படி அத்திருத்தத்தில் குற்றம் காண எவராலும் இயலாது.

மறுநாள் கொப்பி வந்தது. மற்றப் பிழைகளையெல்லாம் திருத்தி எழுதியிருந்தாள். அந்த ஒரு வசனத்துக்குரிய இடம் மட்டும் வெறுமையாய் இருந்தது. காரணம் கேட்டேன். சற்று நேரம் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பின்பு, "அப்பா வந்தாத் திரும்பவும் கூட்டிக்குப் போவார்தானே, சேர்" என்றாள்.

'யூஸ்ட் டு' என்பதன் பொருளை அவள் என்னிலும் நன்றாக விளங்கியிருந்தாள். முன்பு இருந்தது, இப்போது இல்லை, அது முடிந்துபோயிற்று என்னும் மூன்றையும் அத்தொடர் ஒரே மூச்சில் சொல்லிவிடும். அதைத்தான் எழுத அவளுடைய கை இசையவில்லை. நிகழ்காலமும் உண்மையன்று என்பது அவளுக்குத் தெரியும்.

அன்றிரவு லாம்பு வெளிச்சத்தில் அக்கொப்பியை விரித்து நெடுநேரம் இருந்தேன். சாதாரண இறந்தகாலம் என்று நாம் அலட்சியமாகக் கூறும் வடிவத்தின் அருமை அப்போதுதான் புலப்பட்டது. 'எனக்கு ஏழு வயதாயிருந்தபோது அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் என்னை வாவிக்குக் கூட்டிச் சென்றார்' என்னும் கருத்தை 'டுக்' என்ற ஒரு வினையால் எழுதிவிடலாம். அந்த ஏழாம் வயதில் நடந்தது எதுவோ அதனை அவ்வினை சொல்லும். பின்னர் என்னவாயிற்று என்பதைப் பற்றி அது வாய் திறவாது. முடிந்தது என்றும் சொல்லாது. முடியவில்லை என்றும் சொல்லாது.

காலையில் அவளை அழைத்து, 'வென் ஐ வோஸ் செவன்' என்று தொடங்கி எழுதிப்பார் என்றேன். என் மேசையருகில் நின்றே எழுதினாள். எழுதியதை ஒருமுறை மெல்ல வாசித்தாள். பின்பு கொப்பியை என்னிடம் நீட்டினாள். நான் முன்பு எழுதிய சிவப்பு எழுத்துகளை வெட்டிவிட்டு, அவளுடைய வசனத்துக்குச் சரி அடையாளம் இட்டேன்.