வாய்ப் புற்றும் தந்த வைத்தியரும்

மனித தேகத்திற்குள் புற்றுநோய் தோன்றக்கூடிய ஸ்தானங்களில் பெரும்பாலானவை கண்ணுக்கு மறைந்தவை. ஈரலிலோ குடலிலோ உண்டாகும் கட்டியை வைத்தியர் யந்திரங்களின் உதவியாலேயே கண்டறிய வேண்டும். வாய் அப்படிப்பட்டதன்று. ஒரு கைவிளக்கும் ஒரு நாச்சுருட்டும் சுத்தமான விரலும் இருந்தால் கன்னத்தின் உட்புறமும் நாவின் ஓரங்களும் நாவினடியும் ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். அவ்வாறிருந்தும், நமது தேசத்தில் வாய்ப் புற்றுற்றோரில் பெரும்பாலோர் வியாதி முற்றிய பின்னரே வைத்தியசாலை வாயிலை மிதிக்கிறார்கள். ஆரம்ப தசையில் வருவோரில் ஐந்தில் நால்வர் ஐந்தாண்டுகளுக்கு மேல் உயிர் வாழ்கிறார்கள் என்று நிபுணர்கள் கூறுகிறார்கள். கழுத்துக் கரளைகளுக்குப் பரவிய பின் வருவோரின் கதி வேறு.

சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி ஸ்தாபனத்தின் மதிப்பீட்டின்படி, 2022-ஆம் வருஷத்தில் உலகமெங்கும் உதட்டிலும் வாயிலும் புதிதாகப் புற்றுக் கண்டோர் ஏறத்தாழ 3 லட்சத்து 89 ஆயிரம் பேர். அவர்களில் 1 லட்சத்து 43 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் இந்தியர். அதாவது மூவரில் ஒருவருக்கு மேல் நம்மவர். உலக ஜனத்தொகையில் நமது பங்கு ஆறில் ஒன்றுக்குச் சற்று மேல் என்பதை நினைத்தால் இக்கணக்கின் கொடுமை விளங்கும்.

கம்பம் பள்ளத்தாக்கில் வாழ்வோருக்கு இதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. சின்னமனூர்ப் பக்கத்துக் கொடிக்கால்களில் வெற்றிலை படர்கிறது. அதிகாலையில் போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் ஏலத் தோட்டங்களுக்கு மலையேறும் கூலிகள் மடியில் பாக்கும் புகையிலையும் முடிந்துகொண்டே ஏறுகிறார்கள். பசியை அடக்கவும் குளிரைத் தாங்கவும் அதுவே அவர்களுக்குத் துணை. தாம்பூலத்தைத் தூஷிப்பது நமது நோக்கமன்று. அது நம் விருந்தோம்பலின் சின்னம். ஆனால் குற்றவாளி இலையன்று, அதனுடன் சேரும் புகையிலையும் பாக்குமே என்பதைச் சொல்லாமல் விடுவதும் நியாயமன்று. புகையிலை கலந்த தாம்பூலம் புற்றை உண்டாக்கும் என்று மேற்சொன்ன ஸ்தாபனம் 1985-லேயே தீர்மானித்தது. புகையிலை சேராத பாக்கும் அப்படிப்பட்டதே என்று 2004-ல் வெளியிட்டது. கொடிக்கால் விவசாயிகள் இதைக் கேட்டுக் கலங்கவேண்டாம். கடைகளில் தொங்கும் பொட்டலப் பாக்குக்கும் அவர்கள் பயிருக்கும் சம்பந்தமில்லை.

இந்நோய் முன்னறிவிப்பின்றி வருவதன்று. துடைத்தாலும் போகாத வெண்படலம், அதைவிட ஆபத்தான செம்படலம், மூன்று வாரமாகியும் ஆறாத புண், நாளடைவில் வாய் திறக்கும் அளவு குறைந்து காரம் பட்டால் எரிதல் - இவையே அதன் தூதர்கள். கடைசியாகச் சொன்னது பாக்கு மெல்வோருக்கே உரியது. 1952-ல் கிழக்காப்பிரிக்காவில் வசித்த ஐந்து இந்திய மாதரிடம் இதைக் கண்டு ஷ்வார்ட்ஸ் என்னும் வைத்தியர் எழுதிய பிறகே மேனாட்டுச் சாஸ்திரம் இதற்கு ஒரு பெயரிட்டது. இத்தூதர்கள் பெரும்பாலும் வலியோடு வருவதில்லை. ஆதலால் குடியானவன் இவற்றை லக்ஷியம் செய்வதில்லை. பல் ஆடத் தொடங்கும்போதுதான் தந்த வைத்தியரிடம் போகிறான். அவர் பல்லை மட்டும் பார்த்துப் பிடுங்கி அனுப்பிவிட்டால், ஒரு பெரிய சந்தர்ப்பம் பல்லோடு சேர்ந்து போய்விடுகிறது.

இக்குறையை நீக்கப் புதிய கருவிகள் பல கிளம்பியிருக்கின்றன. நீலநிற ஒளியை வாயினுள் பாய்ச்சினால் ஆரோக்கியமான சதை இளம்பச்சையாய் ஒளிரும். கெட்டுவரும் பாகம் கறுத்துத் தோன்றும். டொலுயிடின் நீலம் என்னும் சாயம் சந்தேகமான இடத்தில் அதிகமாய்ப் பற்றும். சிறு தூரிகையால் மேற்றோலைச் சுரண்டி எடுத்துப் பூதக்கண்ணாடியில் பரிசோதிப்பது ஒன்று. உமிழ்நீரிலுள்ள பொருள்களைக் கொண்டு நோயறிய முயல்வது மற்றொன்று. இவற்றை வாங்கி வைத்த தந்த வைத்தியசாலைகள் தங்கள் விளம்பரங்களில் அவற்றையே முன்னிறுத்துகின்றன.

இங்கே ஒரு வார்த்தை. நீதிஸ்தலத்தில் சந்தேகம் சாட்சியாகாது. நீல விளக்கு சொல்வது சந்தேகமே. சாதாரண வாய்ப்புண்ணும், கன்னத்தைக் கடித்துக்கொண்ட காயமும், வெறும் வீக்கமும்கூட அவ்விளக்கில் கறுத்துத் தெரியும். சதையில் சிறு துண்டை அறுத்தெடுத்துச் சோதிப்பது ஒன்றே தீர்ப்புக்குத் தக்க சாட்சி. அமெரிக்கத் தந்த வைத்தியர் சங்கமும் 2017-ல் வெளியிட்ட தன் முடிவில், இக்கருவிகளை நம்பிச் சதைப் பரிசோதனையைத் தள்ளிப் போடலாகாதென்றும், சந்தேகமான புண்ணுக்கு உடனே அப்பரிசோதனை செய்ய வேண்டுமென்றும் கூறியிருக்கிறது. செல்வம் கொழிக்கும் தேசமே இவ்வாறு சொல்லும்போது, நமது ஜில்லா வைத்தியசாலைகளுக்கு முதலில் விளக்கு வாங்குவது எவ்வாறு பொருந்தும்?

நமக்கு வேண்டிய பாடம் மலைக்கு அப்பால் இருக்கிறது. மதுரையிலிருந்து தேனி தனி ஜில்லாவாகப் பிரிந்த 1996-ஆம் ஆண்டிலேயே, திருவனந்தபுரம் ஜில்லாவில் டாக்டர் சங்கரநாராயணன் முதலியோர் ஒரு பெரும் பரிக்ஷையைத் தொடங்கினர். 13 பஞ்சாயத்துக்களை எடுத்துக்கொண்டு, ஏழில் 35 வயதுக்கு மேற்பட்டோரின் வாயை வீடுவீடாகச் சென்று பார்த்தார்கள். ஆறில் வழக்கப்படி விட்டுவிட்டார்கள். பார்த்தவர்கள் வைத்தியர்களல்லர், பயிற்சி பெற்ற பட்டதாரிகள். கருவி, கைவிளக்கு. 2005-ல் முடிவு வெளியாயிற்று. பார்க்கப்பட்ட ஊர்களில் வாய்ப் புற்றால் மாண்டோர் 77 பேர்; பார்க்கப்படாத ஊர்களில் 87. மொத்தக் கணக்கில் இவ்வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாமென்று ஆராய்ச்சியாளரே ஒப்புக்கொண்டனர். ஆனால் புகையிலையோ மதுவோ உபயோகிப்போரைத் தனியே எடுத்துப் பார்க்கையில் மரணம் நூற்றுக்கு 34 வீதம் குறைந்திருந்தது, அது தற்செயலன்று. பதினைந்து வருஷங்களின் கணக்கை 2013-ல் வெளியிட்டபோதும், அவ்வழக்கமுடையோரிடம் நூற்றுக்கு 24 வீதம் குறைவு நிலைத்தது. நான்கு முறையும் தவறாது வாயைக் காட்டினோரிடம் குறைவு ஐந்தில் நான்கு பங்கு. அத்தகையோர் இயல்பாகவே ஜாக்கிரதையுள்ளவர்கள் என்பதையும் கழித்துப் பார்க்கவேண்டும்.

அப்பரிக்ஷையில் நம் மனத்தைத் தைத்த எண் வேறொன்று. வைத்தியரிடம் போகும்படி சொல்லப்பட்ட 5,145 பேரில் போனவர்கள் 3,218 பேர். மற்ற 1,900-க்கு மேற்பட்டோர் போகவில்லை. இலங்கையில் சுகாதார ஊழியர்களைக் கொண்டு நடத்தி 1984-ல் வெளியிட்ட ஆராய்ச்சியிலும், அனுப்பப்பட்டோரில் ஏறத்தாழ பாதிப் பேரே போனார்கள். காரணம் ஊகிக்கக்கூடியதே. ஒருநாள் கூலி போகும். பஸ் செலவு உண்டு. "புற்று" என்ற சொல்லைக் கேட்கப் பயம். எந்த நீல விளக்கும் இவற்றைப் போக்காது.

ஆயினும் ஒரு புதுமை இக்குறையை நேரே தொடுகிறது. பெங்களூரிலுள்ள மஜும்தார் ஷா வைத்தியசாலையின் நிபுணர்களும் அமெரிக்காவின் அரிஸோனா சர்வகலாசாலையாரும் சேர்ந்து, கைத் தொலைபேசியில் இணைக்கும் ஒரு சிறு சாதனத்தை அமைத்து 2018-ல் அறிவித்தார்கள். சாதாரண வெளிச்சத்திலும் நீல வெளிச்சத்திலும் வாயைப் படமெடுத்தால், அப்படத்தைக் கணினி பகுத்துச் சொல்லும். தூரத்திலுள்ள நிபுணரும் பார்க்கலாம். தீர்ப்புக் கூறும் நீதிபதியாக அல்ல, அழைப்புக் கொண்டுபோகும் சேவகனாக இதை நாம் வரவேற்கலாம். போடிமெட்டில் எடுத்த படத்தைக் க.விலக்கிலுள்ள தேனி அரசாங்க வைத்தியக் கல்லூரியில் அன்றே ஒருவர் பார்ப்பாராயின், கூலியாளுக்கு ஒரு வீண் பிரயாணம் மிச்சம்.

மத்திய சர்க்கார் 2016-லேயே 30 முதல் 65 வயது வரையுள்ளோரின் வாயை ஐந்தாண்டுக்கொரு முறை பார்க்கவேண்டுமென்று விதித்தது. தமிழ்நாட்டு அரசாங்கம் 2023-ல் ஈரோடு, கன்னியாகுமரி, இராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஆகிய நான்கு ஜில்லாக்களில் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டத்தைத் தொடங்கிற்று. அம்முதல் நான்கில் தேனி இல்லை. தாம்பூலமும் புகையிலையும் இவ்வளவு வழங்கும் ஜில்லாவில் இவ்வேலை எவ்வளவு நடந்திருக்கிறது, சந்தேகமென்று அனுப்பப்பட்டவர்களில் எத்தனை பேர் போய்ச் சேர்ந்தார்கள் என்ற கணக்கைத் தாலூகாவாரியாக வெளியிடும்படி நம் சட்டசபை அங்கத்தினர்கள் கேட்கவேண்டும். தந்த வைத்தியர்களிடம் நாம் கேட்பது இன்னும் சுலபமானது: எந்தக் காரணத்திற்காக வாய் திறந்தவரானாலும், பல்லைத் தொடுமுன் நாவை நீட்டச் சொல்லி இருபுறமும் பாருங்கள். ஊர்த் தொண்டர்கள் வாரத்தில் ஒருநாள், தோட்டத்துக்குப் போகாத ஞாயிற்றுக்கிழமையில், அனுப்பப்பட்டும் போகாதவர்களை வீட்டில் போய்க் கண்டு உடன் அழைத்துச் செல்லலாம். பஸ் சத்தத்தைத் திரட்டிக் கொடுப்பது பஞ்சாயத்துக்குப் பெரிய காரியமன்று.